யாரைக் கேட்டுச் சோறு கொடுத்தீர்கள்

ஜூலை 8, செவ்வாய்

காற்று. விடிந்ததிலிருந்து ஒரே புழுதி. ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்தால் துணி வெள்ளையாகிறது. உப்பா, மண்ணா தெரியவில்லை. தண்ணீர் லாரிக்காரர் போனை எடுப்பதில்லை. இட்லி மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்துவிட்டது. கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று.

ஐசியூவில் எல்லாப் படுக்கையும் நிறைந்தது. கடைசியாக வந்தது ஜெயராணி, நாற்பத்தேழு வயது, வீடு மாப்பிள்ளையூரணி. நிமோனியா. மூச்சு இரைப்பு, பிரஷர் குறைவு, சர்க்கரை ரொம்பக் குறைவு. வீட்டில் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்திருக்கிறாள். பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். வந்ததும் தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தேன்.

ஒல்லி. ஆனால் இந்த ஊரில் ஒல்லியான பெண்களுக்கா பஞ்சம்? நானும் ஒல்லிதான்.

கணவர் ஜெபராஜ். துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்கும் சரக்கைக் கணக்கெடுக்கும் வேலை. தேய்த்த சட்டை, கையில் மடித்த கர்சீப். எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். சாப்பாடு எப்படி?

"நல்லாத்தான் சாப்புட்டா டாக்டர். ரெண்டு நாளா காய்ச்சல்னு கொஞ்சம் கொறைச்சிக்கிட்டா."

எடை குறைந்ததா?

"இல்ல டாக்டர். அவ எப்பவும் இப்படித்தான்."

மகள் ஷைனி பக்கத்தில் நின்றாள். காலேஜில் படிக்கிறாள். அப்பா பேசி முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் என்று நினைத்தேன். கேஸ் ஷீட்டில் எழுதினேன்: சாப்பாடு, சாதாரணம்.

ஜூலை 9, புதன்

இன்றும் காற்று. லாரி வந்தது, நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

சீஃப் ரவுண்ட்ஸ். ஜெயராணியின் படுக்கையருகே வந்ததும் பிரசங்கம்: "ஐசியூல பேஷண்டைப் பட்டினி போடுறதுதான் நம்மாளுங்க பண்ற பெரிய தப்பு. ஃபுல் ஃபீட் ஆரம்பிங்க. இன்னைக்கே." போன மாதம் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். அதிலிருந்து இதே பாட்டு. ஆனால் பொதுவாக அவர் சொல்வது சரிதான். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய், முழு அளவு உணவு. கையெழுத்து என்னுடையது.

பொட்டாசியம் சரி. சிறுநீரகம் சரி. பாஸ்பேட் எங்கள் லேபில் அன்றாடம் பார்ப்பதில்லை, தனியாகக் கேட்டால்தான். கேட்கவில்லை.

பார்வை நேரத்தில் ஷைனி சொன்னாள், அண்ணன் பிரின்ஸ் கப்பலில் வேலையாம். முதலாளி கப்பலை ஏதோ ஒரு வெளிநாட்டுக் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு அப்படியே கைகழுவிவிட்டான். சம்பளம் இல்லை, இறங்க அனுமதியும் இல்லை. "அம்மா இப்படி இருக்காங்கன்னு அவன்ட்ட இன்னும் சொல்லல டாக்டர்." இந்த ஊரில் யார் வீட்டில்தான் கப்பலில் ஒருத்தன் இல்லை. பாவம் என்றேன். அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 10, வியாழன்

கோபம் தாங்கவில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கலாம்.

காலையில் ஜெயராணியின் எக்ஸ்ரே நன்றாக இருந்தது. சளி குறைந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை. மருந்து வேலை செய்கிறது. ஆனால் ஆள் மோசம். வென்டிலேட்டர் உதவியைக் கொஞ்சம் குறைத்தாலே மூச்சு நிற்கப் பார்க்கிறது. கைகால் துவண்டு கிடக்கிறது. இதயம் தப்புத் தாளம் போடுகிறது. பொட்டாசியம் தடாலென்று விழுந்திருக்கிறது. காலும் கையும் வீக்கம். சீஃப் எட்டிப் பார்த்துவிட்டு, "செப்சிஸ். ஆன்டிபயாட்டிக்கை மாத்துங்க," என்று போய்விட்டார். கிருமி இரத்தத்தில் பரவியிருக்கிறதாம், காய்ச்சலே இல்லாமல். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் வேறு என்னவென்றும் சொல்லத் தெரியவில்லை.

வீங்கிய விரலில் கல்யாண மோதிரம் இறுகிக் கிடந்தது. விரல் நுனி நீலம். சிஸ்டர் மும்தாஜ் சோப்புத் தண்ணீர் விட்டு உருட்டிப் பார்த்தாள், வரவில்லை. "டாக்டர், உள்பக்கம் நூல் சுத்தியிருக்கு. அதான் புடிச்சிக்கிட்டு இருக்கு." கத்தரி கேட்டு வாங்கி நானே வெட்டினேன். மேலே வெள்ளை நூல், புதுசு. அதற்கடியில் அழுக்கேறிய நூல். அதற்கும் அடியில் கறுத்துப்போன நூல். மோதிரம் கழன்று விழாமல் இருக்க, விரல் மெலிய மெலியச் சுற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். நூல் முழுவதையும் எடுத்ததும் அந்த வீங்கிய விரலிலிருந்துகூட மோதிரம் லொடலொடவென்று வந்துவிட்டது.

"அவ எப்பவும் இப்படித்தான்." எப்பவுமா?

பாஸ்பேட்டுக்கும் மெக்னீசியத்துக்கும் இரத்தம் அனுப்பிவிட்டு நேரே லிஃப்ட் அருகே போனேன். ஜெபராஜ் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் நூலைக் காட்டினேன். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டேன். கர்சீப்பை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். அந்தக் கர்சீப்பைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"போன மாசம் மொதல் வாரம் பிரின்ஸு வீடியோல பேசினான் டாக்டர். அரிசி தீரப் போவுது, ஒரு நேரந்தான் சாப்புடுதோம்னான். அன்னைக்கே தட்டத் தள்ளி வச்சிட்டா. அவன் வந்து இங்கன ஒக்காந்து சாப்புடுத வரைக்கும் உபவாசம்னு. சாயங்காலம் மட்டும் கடுங்காப்பி, சீனி இல்லாம."

ஒரு மாதத்துக்கு மேல். ஒரு மாதத்துக்கு மேல்!

"ஏன் மறைச்சீங்க? நான் நேருக்கு நேர் கேட்டேன்ல?"

"உபவாசத்த வெளிய சொல்லக் கூடாதுலா டாக்டர். சொன்னா பலன் இல்லாமப் போயிரும்னு அவதான் சத்தியம் வாங்கிக்கிட்டா. வேதத்துலயே இருக்கு."

நான் இதே மாவட்டத்து நாசரேத்காரி. ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள். உபவாசத்தை மனுஷருக்குக் காட்டாதே என்பது எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியும். "பொய் சொல்லாதேன்னும் அதே வேதத்துலதான் இருக்கு," என்று கத்தினேன். லிஃப்டில் இருந்தவர்கள் இறங்காமல் நின்று பார்த்தார்கள்.

பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பை எரித்துக்கொண்டு அடங்கிக் கிடக்கும். உள்ளே பாஸ்பேட் தீர்ந்துகொண்டே வரும், இரத்தத்தில் பார்த்தால் சரியாக இருப்பதாகக் காட்டும். அதுதான் ஏமாற்று. திடீரென்று முழுச் சாப்பாடு போனால் இன்சுலின் எழும்பும். சர்க்கரையோடு சேர்த்து பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் செல்கள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் ஒன்றும் மிஞ்சாது. இதயம் தடுமாறும், மூச்சுத் தசை சோரும், உடம்பு வீங்கும். ரீஃபீடிங் சிண்ட்ரோம். பசித்தவருக்குச் சோறு போட்டே கொல்வது. நான் கையெழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

ரிசல்ட் வந்தது. பாஸ்பேட் 0.8. குறைந்தது 2.5 இருக்க வேண்டும்.

உணவைக் கால்வாசிக்கும் கீழே இறக்கினேன். குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றினேன். தயாமின், அதாவது பி1 வைட்டமின், ஊசி. பொட்டாசியம், மெக்னீசியம் ஏற ஆரம்பித்தன. பாஸ்பேட் ஊசி? மருந்தகத்தில் இல்லை. "திங்கக்கிழமை வரும் மேடம்." திங்கட்கிழமை இவள் இருக்க வேண்டாமா?

ஜூலை 11, வெள்ளி

திருநெல்வேலியில் ஒரு கடையில் இருக்கிறதென்று மும்தாஜ் விடியவே போன் போட்டுக் கண்டுபிடித்தாள். ஆள் அனுப்ப நிர்வாகம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெபராஜ், "நான் போறேன் டாக்டர்," என்று பைக்கை எடுத்துவிட்டார். வெயில் ஏறுவதற்குள் திரும்பினார். ஈரத் துண்டில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். குளிர்ச்சி தேவையே இல்லாத மருந்து. அதைச் சொல்லவில்லை. சட்டை முன்பக்கம் நனைந்து நின்றவரைப் பார்த்தபோது கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஐந்து நிமிஷம்தான். பிறகு திரும்ப வந்துவிட்டது.

பாஸ்பேட் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம்.

சீஃப் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "இதை ஏன் முதல் நாளே பாக்கல?" ஏதோ வேற்றூர் ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேட்பதைப் போல. ஃபுல் ஃபீட் யார் சொன்னது என்று நாக்கு நுனி வரை வந்தது. பார்க்காதது நான்தான், அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்து விழுங்கினேன். அப்புறம் அவரே, "குட் கேட்ச்," என்றார். அதற்கு அந்தக் கேள்வியே தேவலாம்.

மதியம் தயிர்சாதம். ஊறுகாய் டப்பாவைக் காணோம், எவனோ எடுத்துவிட்டான்.

ஜூலை 12, சனி

பாஸ்பேட் 1.4. பொட்டாசியம் ஏறுகிறது. இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது. கால் வீக்கம் அப்படியே.

ஜெபராஜின் அக்கா, ஜெயராணிக்கு மைனி, நாசரேத்தில் இருந்து வந்தார். கையில் பெரிய பிளாஸ்க். உபவாசம் அவருக்கும் தெரியாது; தம்பி அவரிடமும் மூச்சு விடவில்லை. குழாயில் சொட்டும் உணவின் அளவைப் பார்த்தார். வராந்தா முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"இம்புட்டு ஆளுக்கு இம்புட்டுத்தானா? ஏளா ஷைனி, இவிய ஒங்கம்மய பட்டினி போட்டே கொன்னுருவாவ போலுக்கே!"

பிறகு மும்தாஜிடம் ரகசியமாக: "பாதாம் பாலு. நெய் விட்டுக் காச்சுனது. டாக்டருக்குத் தெரியாம அந்தக் குழாய்ல ஊத்தி வுடு தாயி."

நான் பின்னால்தான் நின்றேன். பிளாஸ்கை வாங்கினேன். ஒரு டம்ளர் இப்போது உள்ளே போனால் உங்கள் தம்பி மனைவியின் இதயம் நின்றுவிடும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்ல முடியவில்லை. நோயாளி சொல்லாததை நான் ஊருக்குச் சொல்லக் கூடாது. ஜெபராஜைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் பட்டினி கிடந்தவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பட்டினி போடுகிறேனாம். நல்லாயிருக்கு ஞாயம்!

பாதாம் பால் டூட்டி ரூமில் தீர்ந்தது. நானும் குடித்தேன். நன்றாகவே இருந்தது, அதிலும் எரிச்சல்.

ஜூலை 13, ஞாயிறு

பாஸ்பேட் 2.1. கண் திறக்கிறாள். கையைப் பிடி என்றால் பிடிக்கிறாள், லேசாக.

அம்மா போன். கோயிலுக்குப் போனியா? இல்லை. சாப்பிட்டியா? ஆச்சு. "ஏன் குரல் இப்படி இருக்கு, யார்ட்ட சண்ட போட்ட?" எல்லாரிடமும். "சரி, தண்ணி நெறையக் குடி."

துணி ஊறவைத்தது நேற்று. நாற்றம் எடுத்துவிட்டது. திரும்ப அலசினேன்.

ஜூலை 14, திங்கள்

பாஸ்பேட் 2.7. உணவை ஒரு படி ஏற்றினேன், பிறகு இரத்தம் பார்த்தேன், விழவில்லை. வென்டிலேட்டர் உதவியைக் குறைத்தால் தாங்குகிறாள். நாளைக்குத் தொண்டைக் குழாயை எடுத்துவிடலாம். மருந்தகத்தில் இருந்து போன்: "மேடம், நீங்க கேட்ட பாஸ்பேட் வந்துட்டு." நன்றி சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று மும்தாஜைத்தான் கேட்க வேண்டும்.

நல்ல நாள் என்று எழுதலாம். எழுதுகிறேன்: நல்ல நாள்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று எழுதியதை அடித்துவிடலாமா.

காலையில் தொண்டைக் குழாய் எடுத்தாயிற்று. நன்றாக மூச்சு விட்டாள். இருமினாள். பேச முயன்றாள். நானும் மும்தாஜும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ஜெயராணி கையைத் தூக்கி மூக்கில் இருந்த குழாயைத் தொட்டாள்.

"இது என்ன?"

"வயித்துக்குச் சாப்பாடு போற குழாய்ம்மா."

"எப்பருந்து?"

"நீங்க வந்த மறுநாள்ல இருந்து."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு அந்த உடைந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக:

"யாரக் கேட்டு எனக்குச் சோறு குடுத்திய?"

 இத்தனை நாள் எல்லார் மேலும் கோபப்பட்ட வாய் அப்படியே நின்றது. உயிரைக் காப்பாற்றத்தான் என்று ஏதோ சொன்னேன். உங்கள் பிள்ளைக்கு அம்மா வேண்டாமா என்றேன்.

"அவனுக்குச் சோறு வேணும்," என்றாள்.

மும்தாஜ் உணவுப் பையை மாற்றத் திரும்பிய நேரத்தில் மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். புதுசு போட விடவில்லை. கஞ்சிக் கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்புகிறாள். ஊசியும் டிரிப்பும் மருந்து, அது பரவாயில்லையாம். டிரிப்பில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கிறதென்று சொல்லித்தான் போட்டேன். இனி இவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"எங்கள்லயும் நோம்பு இருக்கு," என்று மும்தாஜ் மெதுவாகச் சொன்னாள். அவள் காயல்பட்டினம். "சொகமில்லாதவங்களுக்கு விலக்கு உண்டும்மா. அப்பறம் வச்சுக்கிடலாம்."

"அது ஒங்களுக்கு," என்றாள் ஜெயராணி. கண்ணைத் திறக்கவில்லை.

ஜூலை 16, புதன்

பாஸ்பேட் மறுபடி இறங்குகிறது. உடம்பில் சேமிப்பென்று எதுவும் இல்லை. இன்னும் சில நாள் இப்படியே போனால் நாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். இந்த முறை தாங்க மாட்டாள்.

சீஃப் மனநல மருத்துவரை வரவழைத்தார். அவர் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து, "தெளிவா இருக்காங்க. எனக்கு இங்க வேலை இல்ல," என்றார். தெளிவாக இருப்பவள் வாயில் கட்டாயப்படுத்தி ஊட்ட முடியாது. சீஃப் என் தலையில் போட்டார்: "பேசிப் பாருங்க. உங்க ஊர்க்காரங்க மாதிரிதானே." உங்க ஊர்க்காரங்களாம்.

பேசப் போவதற்குள் வராந்தாவில் சத்தம். தண்ணீர் கேன் பக்கத்தில் ஷைனி விழுந்து கிடந்தாள். விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை ஐம்பத்தெட்டு. உதடு வெடித்திருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் வந்தது பரிதாபம் இல்லை, ஆத்திரம்.

"நீயுமா?"

"அம்மாவுக்குக் குழாய்ல போகுதுன்னு தெரிஞ்ச அன்னைல இருந்து நான் இருக்கேன் டாக்டர். அம்மா விட்ட எடத்துல. எங்க சபைல சங்கிலி உபவாசம் வைப்பாங்கல்லா, ஒருத்தர் விடுறதுக்குள்ள இன்னொருத்தர் புடிச்சிக்கிடணும். அறுந்துரக் கூடாது. அறுந்தா அண்ணனுக்கு..."

முடிக்காமல் அழுதாள். முதலில் தயாமின். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குளுக்கோஸ், பாஸ்பேட்டுக்கும் இரத்தம். இந்த முறை எதையும் விடவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு தடவை ஏமாந்தது போதும்.

ஜெபராஜிடம் போய், தெரியுமா என்றேன். தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சரிதான். மகள் அப்பாவிடம் சொல்லவில்லை, அப்பா அக்காவிடம் சொல்லவில்லை, அம்மா ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் தெரியாமல் பட்டினி கிடக்கிறார்கள். இதற்குப் பெயர் பக்தியாம். எனக்கு வருகிற கெட்ட வார்த்தைகளை இந்த நோட்டிலும் எழுத முடியாது.

ஜூலை 17, வியாழன்

ஜெயராணியிடம் மகள் விழுந்ததைச் சொன்னேன். சொல்லலாமா என்று ஷைனியைக் கேட்டுவிட்டுத்தான். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன், மெதுவாக வரவில்லை.

 "அவள யாரு இருக்கச் சொன்னா?"

"உங்கள யாரு இருக்கச் சொன்னா?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.  நானும் நகரவில்லை. கடைசியில் அவளே: "நான் சாப்பிட்டா சங்கிலி அறுந்துரும் டாக்டரம்மா. அதத்தான் அவ புடிச்சிக்கிட்டு நின்னிருக்கா. எனக்குத் தெரியும், நான் பெத்த பிள்ளல்லா."

அப்போதுதான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது, யோசனையும் அதோடுதான் வந்தது. சங்கிலி உபவாசம் என்றால் சபையில் என்ன செய்வார்கள்? ஆளுக்கு ஒரு நாள். இன்று இருந்தவர் நாளை சாப்பிடுவார். யாரும் ஒரு மாதம் கிடக்க மாட்டார்கள். இவள் ஊராருக்குத் தெரியாமல் வைத்ததால் முழுச் சங்கிலியையும் தானே சுமந்தாள், பிறகு அது மகள் தலையில் விழுந்தது. இதை அப்படியே சொன்னேன். வெளியே சொல்லுங்கள், ஆட்கள் வரட்டும், ஒருத்தருக்கு ஒரு நாள், மறுநாள் மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், நீங்கள் இன்றைக்கே சங்கிலியை விட வேண்டும்.

"வெளிய சொல்லச் சொல்லுதியளா?"

"ஆமா."

"சொன்னாலும் யாரு வருவா? அவிய அப்பா இருப்பாவ, சரி. எம்மவனுக்காண்டி வேத்தாளு யாரு பட்டினி கெடப்பா?"

"நாளைக்கு நான்."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. மும்தாஜ் கையில் இருந்த டிரேயைக் கீழே வைத்தாள்.

ஜெயராணி முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தாள். "நீங்க கோயிலுக்கே போறதில்லன்னாவ."

"போறதில்ல."

"பின்ன?"

"எனக்கும் பசிக்கும்ல. அது போதாதா?"

 கஞ்சி குடிக்கவில்லை. "நாளைக்குப் பாக்கலாம்," என்று மட்டும் சொன்னாள். டாக்டரைச் சந்தேகிக்கும் நோயாளி. இருக்கட்டும், பொய் சொன்னதென்னவோ இவர்கள்தான்.

ஜெபராஜைக் கூப்பிடச் சொன்னாள். அவர் குனிந்து அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு வெளியே போய் அக்காவுக்குப் போன் போட்டார். மைனி போட்ட சத்தம் போனுக்கு வெளியே எனக்குக் கேட்டது. நான் போட நினைத்த சத்தமெல்லாம் அதில் இருந்தது. கடைசியில் மைனி சொன்னதையும் கேட்டேன்: "சனிக்கெழம என் பேரப் போடுல. கிறுக்குப் பயலே, மொதல்லயே சொல்லக் கூடாதா?"

கப்பலில் இருந்து சேதி இல்லை.

ஜூலை 18, வெள்ளி

காற்று. தலைவலி. காபி கிடையாது. காபி கூடக் கிடையாதா என்று விடிந்ததிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் மட்டும். ஊருக்கெல்லாம் சாப்பிடு சாப்பிடு என்று கத்தியவளுக்கு இது தேவைதான்.

எல்லார் மேலும் எரிச்சல். லேப்காரர் மேல். லிஃப்ட் மேல். சீஃப் இன்றைக்குப் பார்த்து எதிர்க்கடைப் பருப்பு வடை வாங்கி வந்து டூட்டி ரூமில் விரித்தார். "எடுத்துக்கோங்க, சூடா இருக்கு." வேண்டாம் என்றேன். "டயட்டா?" ஆமாம் என்றேன். சங்கிலியைப் பற்றி அவரிடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது எனக்கும் வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இதென்ன கூத்து.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஜெபக்கூட்டத்து அக்கா ஒருவராம். திங்கட்கிழமை மும்தாஜ். "எனக்குப் பழக்கம்தான் டாக்டர், உங்களுக்குத்தான் மூஞ்சியே சரியில்ல." ஷைனி காலையில் இரண்டு இட்லி. சரிபார்த்துவிட்டேன், அவள் பாஸ்பேட் நன்றாக இருக்கிறது.

ஜெயராணியின் பாஸ்பேட் 1.7. தயாமின் போகிறது. இனி தள்ளிப்போட முடியாது. மதியம் மும்தாஜ் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். நானும் போனேன்.

"இன்னைக்கு யாரு?" என்று மும்தாஜிடம் கேட்டாள் ஜெயராணி. என்னைக் கேட்கவில்லை.

"டாக்டரம்மாதான். காலைல இருந்து ஒண்ணும் இல்ல. வடையக்கூட வேண்டாம்னுட்டாங்க."

"கையக் காட்டுங்க," என்றாள்.

நீட்டினேன். தன் விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தினமும் நான் அவளுக்கு நாடி பிடிப்பதைப் போல. என் கை லேசாக நடுங்கியது. மறைக்கப் பார்த்தேன், விடவில்லை.

"நடுங்குதே."

"காபி குடிக்கலல்லா," என்றேன். வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு விட்டாள். மும்தாஜிடம் இருந்து கிண்ணத்தை நானே வாங்கினேன். சூடான கஞ்சி, உப்பு போட்டது.  கரண்டியைக் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பவில்லை. ஒரு வாய். விழுங்க நேரம் எடுத்தது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

இரண்டாவது கரண்டியை நான் எடுப்பதற்குள் அவளே வாயைத் திறந்தாள்.